சிரிப்பு நடிகருக்கு வைத்த ஒப்பாரி

நான் அழுகிற சத்தத்தை முதன்முதலாக நான் கேட்டது மாட்டுங்கா மார்க்கெட்டில், கறிவேப்பிலை வாங்கக் குனிந்து நின்றபோது. பின்னால் நின்ற ஒருத்தன் சட்டைப் பையிலிருந்து என் குரல் "என் ராசாவே" என்று அலறியது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. திரும்பிப் பார்த்தேன். அவன் சாவகாசமாக போனை எடுத்து, காதில் வைத்து, "ஹான், போல்" என்றான். என் அழுகை நின்றுவிட்டது. ரிங்டோனாக வைத்திருக்கிறான் பாவி.

அவனைப் போய் என்னவென்று திட்டுவது? அவனுக்கு என்னைத் தெரியாது. கறிவேப்பிலைக்காரிக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தையும் அவன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் கறிவேப்பிலையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் கேட்டுவிட்டேன். ரயிலில் லேடீஸ் டப்பாவில், பேங்க் வரிசையில், ஒருதரம் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில். இப்போதும் எங்கேயாவது பெண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், முதலில் அது நான்தானா என்று பார்க்கிறேன். பேய் பிடித்தவள் மாதிரி என்று சொல்லாதீர்கள். பேயாவது ஒரு ஆளைத்தான் பிடிக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி. என் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கிறேன். கொறடு கழுவி எடுத்துக் கொடுக்கிறது, பஞ்சு சுருட்டுகிறது, பயந்துபோய் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து வாயைத் திறக்க வைக்கிறது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் டாக்டரம்மா என்னை வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வரிசையாக ஒட்டு வீடுகள் இருக்கிற எங்கள் சாலில் சடங்கு வீடு, கல்யாண வீடு எதுவானாலும் கிண்டல் பாட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் மூக்கு, சம்பந்தியின் நடை, ஒன்றையும் விடமாட்டேன். ஒருமுறை எங்கள் தெருவின் பொதுக் கக்கூஸை இரண்டு கோஷ்டி சண்டை போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். நான் பூட்டின கதவுக்கு முன்னால் முந்தானையை விரித்து உட்கார்ந்து, செத்துப்போன கக்கூஸுக்கு மாரடித்து ஒப்பாரி வைத்தேன். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டினவனே சிரித்துக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆக, ஒப்பாரி எனக்கு விளையாட்டுக்கும் வரும், சாவுக்கும் வரும். என் அம்மா செத்ததற்கு நான் பாடினதில் பாடை தூக்க வந்த ஆண்களே தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு நான் பாடவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது ஏன் என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

அவர் வேதக்காரக் குடும்பம். நான் அம்மன் கும்பிடுகிற வீடு. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டோம், நான் வேதக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன், ஞானஸ்நானம் எடுத்தேன், எல்லாம் சந்தோஷமாகத்தான். அவருக்கு அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற வேலை. ஒரு நாள் காலை திலக் நகர்ப் பக்கம் போகும்போது நெஞ்சை அடைத்திருக்கிறது. மனுஷன் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் சிக்னல் விழுந்திருக்கிறது என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினதும் எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. வாயைத் திறந்தேன். அவருடைய அக்கா, என் மதினி, ஓடிவந்து என் வாயைக் கையால் பொத்தினாள். ஆண்டவரிடம் போனவருக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி அழுவார்கள், ஜெபம் பண்ணு என்றாள். அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜெபக்குழு வந்தது, கீர்த்தனை பாடினார்கள், நன்றாகத்தான் பாடினார்கள். எனக்குக் கிளம்பினது தொண்டையிலேயே நின்றுபோனது. பெட்டியை மூடினபோதும் வரவில்லை, சிவ்ரி கல்லறையில் மண்ணைப் போட்டபோதும் வரவில்லை. பஞ்சு அடைத்த பல் மாதிரி மரத்துப்போய் நின்றேன்.

என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை, அப்பா பிள்ளை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லறையிலிருந்து திரும்பி வந்து, "நீ ஏம்மா அழல?" என்று கேட்டாள்.  மூஞ்சியைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம் என்றேன்.

வருஷங்கள் ஓடின. அவள் படித்தாள், வாஷியில் ஆபீஸ் வேலை, கல்யாணம், சான்பாடாவில் வீடு. வருவாள், போவாள், பேசுவாள். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. கேட்காமலே வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா.

அப்போதுதான் எங்கள் வார்டு தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர்கள் டி.வி. சிரிப்பு நடிகர் ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் தாராவிப் பையன்தான், சென்னைக்குப் போய், தின்று தின்று சிரிக்க வைக்கிற தடியனாக வேஷம் கட்டிப் பெயர் வாங்கினவர். நெஜத்திலும் நல்ல சரீரம். அவர் ஜீப்பில் நின்று வாயைத் திறந்தாலே போதும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற பொம்பளைகள்கூடக் குடத்தைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள். தண்ணீர் வரும் என்று அவர் சொன்னால் சிரிப்பு, வராது என்று சொன்னாலும் சிரிப்பு. எதிர்க் கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். சிரிப்பைச் சிரிப்பால்தான் அடிக்கணும் என்று யோசித்து என்னிடம் வந்தார்கள். அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் விடப்போகிறோம், நீ வந்து ஒப்பாரி வை அக்கா என்றார்கள்.

நம் ஊரில் இது ஒன்றும் புதுசு இல்லையே. பிடிக்காத தலைவருக்கு வைக்கோல் பொம்மை செய்து, வேட்டி கட்டி, பாடையில் வைத்து, கொட்டு அடித்துக்கொண்டு போய்க் கொளுத்துவார்கள். நான் சரி என்றேன். எனக்கு அந்தக் கட்சியும் ஒன்றுதான், இந்தக் கட்சியும் ஒன்றுதான். பாட ஒரு இடம் கிடைக்கிறது, நாலு பேர் சிரிக்கப்போகிறார்கள், அவ்வளவுதான் என் கணக்கு.

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஊர்வலம் போனது. மூங்கில் பாடை, தென்னங்கீற்று, வயிறு பெருத்த வைக்கோல் பொம்மை, மூக்கில் பஞ்சு. நான் பாடைக்குப் பக்கத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இட்லி அண்டாவுக்கு வாரிசு இல்லையே, பரோட்டாக் கடைக்குப் பந்தல் போட்டாச்சே என்று மாரடித்துக்கொண்டு போனேன். சனம் ரெண்டு பக்கமும் நின்று சிரித்தது. பாதி ரோட்டில் எதிரே அவருடைய ஜீப்பே வந்துவிட்டது.

அடிதடி ஆகப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நேரே பாடைக்கிட்டே வந்தார். பொம்மையைத் தூக்கித் தன் ஆள் கையில் கொடுத்தார். அதன் மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டு, பாடையைக் கீழே வைக்கச் சொல்லி, மல்லாக்கப் படுத்துவிட்டார். ரோடே அதிர்ந்தது. ஒருத்தன் வாய்க்கரிசி என்று ஒரு பிடி அரிசியை அவர் வாயில் போட்டான். அவர் மென்று விழுங்கிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, "கொழம்பு எங்க?" என்றார். எதிர்க் கட்சிக் கொடி பிடித்தவனெல்லாம் கொடியைத் தோளில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

நான் என்ன செய்ய? பொம்மைக்குப் பாடலாம், உயிரோடு ஒருத்தர் கிடக்கும்போது எப்படிப் பாடுவது?  அப்போது அவர் உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்லா பாடுக்கா. செத்தப்புறம் நான் கேக்க முடியாதுல்லா."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன குரல் விளையாட்டுக் குரல் இல்லை. நான் அவரைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு, மூடின கண், வெள்ளைச் சட்டை, பாடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே மாதிரி வெடிப்பு விழுந்த குதிகால்தான். தொண்டையில் அத்தனை வருஷமாக அடைத்துக் கிடந்தது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நான் யோசித்துப் பாடவில்லை. அது தானாக வந்தது.

ஓரமா வண்டிய நிறுத்தி – என் ராசா
ஒழுங்கா பிரேக்கப் போட்டீரே
ஏறி வந்த சனத்தையெல்லாம்
எறக்கி விட்டுப் போனீரே
ஏறாத என்ன மட்டும் – என் ராசா
எங்க எறக்கி விட்டீரு

பிரேக் என்றதும் சிரிப்பு வெடித்தது. அவருடைய பிரசார ஜீப்பைக் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது. கடைசிவரை நான்தான் எடுத்துத் தட்டில் வைப்பேன். அதுவும் வந்தது.

முள்ளெடுத்து வச்ச மீனத்தான் – என் ராசா
முழுங்கத் தெரியும் உமக்கு
முள்ளெடுக்க ஆளில்லாத ஊருக்கு
முந்திக்கிட்டுப் போனீரே

தின்னிக்காரர் வேஷம் போடுகிறவர் கிடக்கிறார், நான் மீனைப் பாடுகிறேன், கேட்கவா வேண்டும்? ஊளையிட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டுகிறது, மூக்கு வழிகிறது, தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிறேன். என்னா ஆக்டிங், என்னா ஆக்டிங் என்று பக்கத்தில் ஒருத்தன் கத்தினான். எங்கே பார்த்தாலும் போன். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் பாடையில் கிடந்தவர்தான். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு எழுந்து, இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டார், கூட்டம் ஓவென்றது. போகிறபோது என் கையைப் பிடித்து மெதுவாக, "யாருக்குக்கா?" என்று கேட்டார். உமக்குத்தான், வேற எவனுக்கு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். தேர்தலில் அவர்தான் ஜெயித்தார்.

நான் பாடினது ஊரெல்லாம் சுற்றியது. முழுசாகச் சுற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. கொட்டுச் சத்தத்தை ஏற்றி, சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து, நான் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு "என் ராசாவே" என்று அலறுகிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். பாட்டின் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நான் பெரிய ஆளாகிவிட்டேன். மொபைல் கடை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். செம்பூரிலிருந்து ஒரு பாட்டி கடைவாய்ப் பல்லுக்காக வந்து, வாய் நிறைய பஞ்சோடு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, டாக்டரம்மா கொறட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள். பல்லைப் பிடுங்க வந்த இடத்திலும் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மகள் அன்றைக்கே போன் பண்ணினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பாக்கு ஒரு சொட்டு வுடல. இந்த ஜோக்கருக்குக் கட்டிப் பொரண்டு அழுத. அவ்ளோதான்மா, எனக்குத் தெரிஞ்சிட்டு" என்றாள். நான் சொன்னேன், அது அவருக்கு இல்லட்டி, அப்பாவுக்குத்தான் அழுதேன் என்று. ஜூட் பேசாதம்மா, எல்லாம் பொய் என்று போனை வைத்துவிட்டாள். பிறகு சொல்லச் சொல்ல அவளுக்கு அது பொய்யாகவே பட்டது. எனக்கும் ரோஷம் வந்தது, அவளுக்கு அம்மை நான், எனக்கு மட்டும் இருக்காதா? எத்தனை தடவை ஒன்றையே சொல்வது. கிறிஸ்துமஸுக்கு வருவாள், கேக் டப்பாவை வைப்பாள், டீ குடிக்காமல் போய்விடுவாள். இப்படியே காலம் போனது.

அந்த நடிகரை அதற்குப் பிறகு ஒரே தடவை பார்த்தேன், வார்டு ஆபீஸில், கெட்ட தண்ணீர் வருகிறது என்று சொல்லப் போனபோது. எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் ஆபீஸே சிரித்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டார். ரொம்ப இளைத்திருந்தார். இளைத்ததைப் பார்த்தும் அவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த தேர்தல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அவர் செத்துப்போனார். ஈரல் கெட்டுப்போயிருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். சேதி வந்த அன்றைக்கு என் அழுகை மறுபடியும் எல்லா போனிலும் கேட்டது, இந்தத் தடவை அவர் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தியோடு. குழாயடியில் ஒருத்தி, நீ அன்னிக்கே பாடி அனுப்பிட்டியேக்கா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நான் பார்க்கப் போனால் கதவைப் பாதிதான் திறந்தாள். சாவு வீட்டுக்கு என்னைக் கூப்பிடுவதும் நின்றது, கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதும் நின்றது. எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போதுகூட முணுமுணுக்கிறதை விட்டுவிட்டேன்.

கடைசியில் தேர்தல் வந்தது. அவருடைய மனைவியை அதே வார்டில் நிறுத்தினார்கள். அந்த அம்மா ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கூட வந்த கட்சிக்காரர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். அனுதாபக் கூட்டம் போடுகிறார்கள், நீங்கள் வந்து பாடணும் என்றாள். நான் முடியாது என்றேன். இனிமேல் இந்த வாயால் எவனுக்கும் பாடமாட்டேன் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "அவிய சாவுக்கு ஒருத்தரும் அழலக்கா" என்றாள். "வந்தவங்க பூராவும் அவிய பண்ணின காமெடியச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உண்மையா அழுதது நீங்க ஒரு ஆள்தான்னு அவியளே சொல்வாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனால் நான் ஒத்துக்கொண்டது அவளுக்காக மட்டும் இல்லை. எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, ஆயிரம் போன் எடுக்கப்போகிறது. நான் தனியாகச் சொன்னால் என் மகள் நம்பமாட்டாள். ஊர் முன்னால், மைக்கில், அது யாருக்கு வைத்த ஒப்பாரி என்று சொல்லிவிட்டால்? ஊரே கேட்டால் அவளும் கேட்டுத்தானே ஆகணும். அப்படி நினைத்துத்தான் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

சாயங்கால வெளிச்சத்தில் கூட்டம். மேடையில் அவருடைய பெரிய படம், மாலை. கீழே முதல் வரிசையில் அந்த அம்மா வெள்ளைப் புடவையில். என் பெயரைச் சொன்னதும் நான் மைக்கிடம் போனேன். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழும்பியது, அது பின்னால் போய்ப் பெரிதாகித் திரும்பி வந்தது. என் மூஞ்சிதான் அவர்களுக்கு ஜோக். அது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கு ரோட்டுல நான் அழுதது இவருக்கு இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு. பஸ் ஓட்டுனவரு. வண்டியிலயே செத்துப்போனாரு. அப்ப எனக்கு அழ வரல. அன்னிக்குத்தான் வந்தது."

மேடையே இடிந்துவிடும்போல ஆகிவிட்டது. கைதட்டல், விசில். "வீட்டுக்காரருக்காம்லே!" என்று ஒருத்தன் கூவினான். செத்தவனை விட்டுவிட்டு இன்னொரு செத்தவனுக்கு அழுதேன் என்கிற அந்த விஷயம் அவர்களுக்கு அத்தனை ருசியாக இருந்தது. இல்லை, நெஜமாத்தான் சொல்லுதேன் என்றேன் நான். அதற்கும் சிரித்தார்கள். சரி, பாடினாலாவது தெரியட்டும் என்று பாடினேன். ஓரமா வண்டிய நிறுத்தி, சிரிப்பு. பிரேக்கு, சிரிப்பு. மீன் முள்ளு, சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் ஓய்கிறவரைக்கும் நின்று நின்றுதான் அடுத்த அடிக்குப் போக முடிந்தது. படத்திலிருந்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், சிரிக்கிற படத்தைத்தானே வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேர்தலில் ஜெயித்தாள்.

வீட்டுக்கு வந்து போனை அணைத்துவிட்டு அலமாரியில் வைத்தேன். என் மகள் இதைப் பார்ப்பாள், அப்பாவையும் கூத்தில் ஏற்றிவிட்டேன் என்று நினைப்பாள், அத்தோடு முடிந்தது, இனி கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டாள். எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். அந்த வாரம் முழுக்க க்ளினிக்கில் யாருக்கும் நான் பேச்சுக் கொடுக்கவில்லை. டாக்டரம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் நேரே வந்தாள். கையில் பைபிள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். முகம் கறுத்திருந்தது.

"மேடையில சொன்னது சச்சா, இல்ல அதுவும் காமெடியா?"

நெசம் என்றேன்.  சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது.  அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் உட்காருகிற பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

"வீடியோல சிரிப்புத்தான் கேக்குது, பாட்டு கேக்கல. பாடு. எனக்கு பாடு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். தலையை விரிக்கவில்லை, மாரில் அடிக்கவில்லை. மெதுவாக ஆரம்பித்தேன். பிரேக்கப் போட்டீரே என்றதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியுமே, அப்பா எப்படி வண்டியை நிறுத்திவிட்டுப் போனார் என்று. மீன் முள் வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் பாடிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் முழங்காலைத் தொட்டாள்.

"ஏம்மா நடுவுல நடுவுல நிறுத்துத? மறந்துட்டா?"

நான் நிறுத்தினது எனக்கே தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பிரேக் என்ற இடத்தில் நின்றிருக்கிறேன். மீன் என்ற இடத்தில் நின்றிருக்கிறேன். ரோட்டில் சிரித்த இடம், மேடையில் சிரித்த இடம்.

"அந்த எடத்துல சிரிப்பாவ" என்றேன்.

அவள் கட்டிலிலிருந்து இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே ஒருத்தரும் இல்லம்மா, நான் மட்டும்தான் இருக்கேன், நிறுத்தாமப் பாடு என்றாள். நானும் இந்தத் தடவை நிற்கக் கூடாது என்று திடப்படுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிரேக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் கை என் கையை இறுக்கியது. அவர்கள் சிரித்து முடிக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் காத்திருந்தோம்.